“ஒரு பட்டன்தானே!” என்று கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: டாக்டரைப் பார்க்க முன்பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றை ஒரு மருத்துவமனைக்குச் செய்து தருகிறோம். ஆறு மாத வேலை. தொகை முன்பே பேசி முடித்தது. ஏழு பேர் அணிக்கு நான் லீட். இப்போது ஐந்தாவது மாதம். இதுவரை 23 மாற்றங்கள் கேட்டுவிட்டார்கள். பாதி போனில் வந்தது, மீதி வாட்ஸ்அப்பில். 11 மாற்றங்களைச் செய்து கொடுத்துவிட்டோம். கடைசியாக வந்தது, “முன்பதிவை ரத்து செய்ய ஒரு பட்டன்தானே, வைத்துவிடுங்கள்” என்பது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறார்கள். மேலாளரோ, “கிளையன்டிடம் முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதே, வேண்டுமானால் மூன்று பேரைக் கூடுதலாகத் தருகிறேன்” என்கிறார். சனி, ஞாயிறும் வேலை பார்க்கிறோம். தேதி தள்ளிக்கொண்டேதான் போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் மடத்தைப் பிடுங்குகிறார்கள் என்ற முடிவுக்கு இப்போதே வர வேண்டாம். மடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவர்களுக்கு யாராவது காட்டினார்களா? கடிதத்தில் 23 என்று எண்ணிச் சொல்கிறீர்கள். ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் தின்றது என்று எங்கும் இல்லை. அது உங்களுக்கே தெரியாதபோது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. கேட்டவுடன் கிடைக்கிறது, கூடுதல் காசு இல்லை, தேதி தள்ளும் என்றும் யாரும் சொல்லவில்லை. அந்த இடத்தில் யார் இருந்தாலும் 24-வதையும் கேட்பார்கள்.

அந்தப் பட்டனையே எடுத்துக்கொள்வோம். திரையில் பட்டன் வைக்க 4 மணி நேரம் போதும். அழுத்தியதும் அந்த நேரம் மறுபடி காலியாகி அடுத்தவருக்குக் கிடைக்க வேண்டும். ஒரே நொடியில் இருவர் அதைப் பிடித்துவிடவும் கூடாது. இதற்கு 8 மணி. முன்பதிவுக் கட்டணம் ஆன்லைனில் வாங்கியிருந்தால் திருப்பித் தர வேண்டும், பாதியில் அறுந்துபோகும் பணப் பரிமாற்றத்துக்கும் வழி செய்ய வேண்டும்: 16 மணி. நோயாளிக்கும் டாக்டருக்கும் குறுஞ்செய்தி: 6. அன்றாட அறிக்கையில் ரத்தானவை தனியாகத் தெரிய: 6. டெஸ்டிங், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் முன்பதிவுப் பகுதி கெட்டுவிடவில்லையா என்ற மறுசோதனை உட்பட: 14. பயனர் கையேட்டில் இரண்டு பக்கம்: 2. கூட்டினால் 56 மணி நேரம், அதாவது ஒருவருக்கு ஏழு முழு வேலைநாள். இவ்வளவும் ஆன பிறகுகூட, எத்தனை மணி நேரத்துக்கு முன்புவரை ரத்து செய்யலாம், கட்டணம் முழுதாகத் திரும்புமா என்ற இரண்டு கேள்விக்கு மருத்துவமனைதான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வரும்வரை உங்கள் ஆள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்தக் கணக்கைத்தான் மாற்றத்தின் தாக்கத்தை மதிப்பிடுவது என்கிறோம். “பட்டன்தானே” என்பவரிடம் இதை ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். பெரும்பாலானவர்கள் அடுத்துக் கேட்பது, “அப்படியானால் இப்போதைக்குப் பணம் திருப்பும் பகுதி இல்லாமல் செய்தால் எவ்வளவு?” என்பதாகத்தான் இருக்கும். “முடியாது” என்ற சொல்லே வராமல் பேரம் தொடங்கிவிடும். மேலாளர் சொன்னதை மீறியதாகவும் ஆகாது.

ஆனால் ஒரு மாற்றத்தை மாற்றம் என்று சொல்ல, எதிலிருந்து மாறுகிறது என்று காட்ட ஓர் எழுத்து வேண்டும். திட்ட மேலாண்மையில் அதற்கு ஸ்கோப் பேஸ்லைன், அதாவது வேலையின் எல்லைக்கு அடிப்படை, என்று பெயர். மூன்று ஆவணம் சேர்ந்தது அது: என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம் என்ற எல்லை அறிக்கை, மொத்த வேலையையும் துண்டு துண்டாகப் பிரித்த மரம், ஒவ்வொரு துண்டுக்கும் விளக்கம். உங்களிடம் ஒப்பந்தம் இருக்கும். அதை எடுத்து “முதலிய”, “போன்ற”, “எளிதாகப் பயன்படுத்தக்கூடிய” என்ற சொற்களை அடிக்கோடிடுங்கள். வேலை கசிவது பெரும்பாலும் இந்த ஓட்டைகள் வழியாகத்தான். “வருகை, வசூல் முதலிய அறிக்கைகள்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த “முதலிய”வுக்குள் நாற்பது அறிக்கை அடங்கும். “கீழ்க்கண்ட ஆறு அறிக்கைகள் மட்டும்” என்று எழுதி, மாதிரிப் படிவத்தையும் பின்னிணைப்பில் வைத்திருந்தால் ஏழாவதற்குத் தனியாகப் பேச வேண்டும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்கும். “செய்ய மாட்டோம்” பட்டியலைப் பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். எல்லை அறிக்கையிலேயே அதிகம் காப்பாற்றுவது அந்தப் பட்டியல்தான். பழைய நோயாளிப் பதிவுகளை யார் சுத்தம் செய்து ஏற்றுவது? ஊழியர்களுக்கு எத்தனை முறை பயிற்சி? கடைசி மாதத்தில் வெடிப்பதெல்லாம் இப்படி யாரும் எழுதாமல் விட்டவைதான்.

வேலை மரத்துக்கு இரண்டு அளவுகோல் உண்டு. கிளைகளைக் கூட்டினால் மொத்த வேலையில் நூறு சதவீதமும் வர வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பயிற்சி, ஆவணம், கூட்டங்கள்கூட அதில் இருக்க வேண்டும். அடுத்தது, கடைசித் துண்டு ஒவ்வொன்றும் 8 மணிக்குக் குறையாமலும் 80 மணிக்கு மேல் போகாமலும் இருப்பது. இதைச் சட்டமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம், பழக்கத்தில் வந்த அளவு. 80-க்கு மேல் போனால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது என்பதுதான் அதன் காரணம்.

ஐந்தாவது மாதத்தில் இதையெல்லாம் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். மூன்று நாள் போதும். புது மாற்றம் எதையும் தொடாமல் அந்த மூன்று நாளும் உட்கார்ந்து எல்லா வேலையையும் ஒரே தாளில் கொண்டு வாருங்கள்: முதலில் ஒப்புக்கொண்டது, கூடுதலாகக் கேட்டு முடித்துக் கொடுத்தது, கூடுதலாகக் கேட்டு நிலுவையில் இருப்பது. ஒவ்வொன்றுக்கும் எண், கேட்டவர், கேட்ட தேதி, மணி நேரம். 23 மாற்றத்துக்கும் சராசரியாக 30 மணி என்று குறைத்து வைத்தாலும் 690 மணி வருகிறது. ஏழு பேர் வாரத்துக்கு 40 மணி வீதம் உழைத்தால் 280. ஏறக்குறைய இரண்டரை வாரம் முழு அணியின் உழைப்பு கணக்கில் ஏறாமல் போகிறது. உங்கள் சனி, ஞாயிறு போகும் இடம் இதுதான்.

முடித்துக் கொடுத்த பதினொன்றுக்கு இப்போது பணம் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. சொல்லாமல் செய்துவிட்டுப் பிறகு பில் நீட்டினால் உறவு கெடும், வாதத்திலும் நிற்காது. ஆனால் பட்டியலில் அவை இருக்கட்டும், மணி நேரத்தோடு, “கட்டணம் இல்லை” என்ற குறிப்போடு. இதுவரை எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள் என்று அவர்கள் முதல்முறையாகக் கண்ணால் பார்ப்பார்கள்.

நிலுவையில் இருக்கும் பன்னிரண்டை நான்காகப் பிரிக்கச் சொல்லுங்கள்: இது இல்லாமல் திறக்கவே முடியாது; இருந்தாக வேண்டும், ஆனால் ஒரு மாதம் ஒப்பேற்றலாம்; இருந்தால் நல்லது; இந்த முறை வேண்டாம். பிரிக்க வேண்டியவர்கள் அவர்கள், நீங்களல்ல. எல்லாவற்றையும் முதல் பிரிவிலேயே போட்டால், “இதில் முதல் நான்கு எது?” என்று வரிசை கேளுங்கள். பணமோ நாளோ கூட்ட முடியாத இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்: 56 மணி வேலை உள்ளே வந்தால், இன்னும் தொடங்காத 56 மணி வேலை வெளியே போக வேண்டும். தொடங்கியதை வெளியே எடுத்தால் மிச்சமாவதைவிட வீணாவதே அதிகம்.

இனி வரும் மாற்றங்களுக்கு ஒரே வாசல் வையுங்கள். ஒரு பக்கப் படிவம்: என்ன மாற்றம், ஏன் தேவை, செய்யாவிட்டால் என்ன ஆகும். இதை அவர்கள் நிரப்ப வேண்டும். மணி நேரம், தொகை, எத்தனை நாள் தள்ளும், எந்தப் பகுதி பாதிக்கும் என்பதை நீங்கள் நிரப்ப வேண்டும். கீழே இருவர் கையெழுத்து. 4 மணி நேரத்துக்கு உட்பட்டதை நீங்களே முடிவு செய்யலாம், 40 வரை இரு தரப்பு மேலாளர்களும், அதற்கு மேல் போனால் வாரம் ஒருமுறை கூடும் மாற்றக் குழு என்று வரம்பு வைத்தால் சின்ன வேலை தேங்காது. உங்கள் மதிப்பீடு 10 வேலைநாளுக்குத்தான் செல்லும் என்று படிவத்திலேயே அச்சடியுங்கள். மென்பொருள் நிரல் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே போகிறது. ஒரு மாதம் கழித்து அதே பட்டன் 56 மணியில் முடியாது. செலவே இல்லாத மாற்றமும் பதிவேட்டில் ஏற வேண்டும். நிராகரித்ததும் ஏற வேண்டும், காரணத்தோடு. இல்லாவிட்டால் அதே கோரிக்கை வேறொருவர் வாயிலிருந்து மறுபடி வரும்.

மருத்துவமனை என்றால் வரவேற்பு, கணக்கு, டாக்டர்கள் என்று மூன்று பக்கம் இருந்தும் கேட்பார்கள். ஒருவர் கேட்டதை இன்னொருவர் மறுப்பார். அவர்கள் பக்கம் கையெழுத்துப் போடும் அதிகாரம் ஒரே ஒருவருக்கு இருக்க வேண்டும், பெயரை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் பேசினால் அன்றைக்கே மெயில்: “இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது. படிவம் கையெழுத்தாகி வந்ததும் தொடங்குகிறோம்.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வெறுமனே “புரிந்துகொண்டேன்” என்று எழுதினால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

இது மாற்றமா, பிழையா என்ற சண்டையும் வரும். மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்ற தேவைப் பட்டியலில் எழுதியிருந்து, அது வேறுமாதிரி நடந்தால் பிழை. காசில்லாமல் திருத்த வேண்டும், முகம் சுளிக்கவும் கூடாது. எழுதவே இல்லையென்றால் மாற்றம். எழுதியது இரண்டு பொருள் தந்தால் பாதிப் பொறுப்பு உங்களுடையது, செலவைப் பகிர்ந்துகொள்வதே நேர்மை. இதைத் தீர்க்கத்தான் ஒவ்வொரு தேவைக்கும் எண் கொடுத்து, எந்தத் திரை, எந்தச் சோதனை என்று கோத்துவைக்கச் சொல்வது. எண் இல்லாத சோதனையோ திரையோ இருந்தால், யாரோ கேட்காமல் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்படியும் நடக்கும். வேலையின் எல்லை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விரிவதை ஸ்கோப் க்ரீப் என்பார்கள். அதற்குக் கிளையன்டை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை. உங்கள் அணியில் ஒருவர் ஆர்வத்தில் அறிக்கைக்கு வரைபடம் சேர்த்திருப்பார், இன்னொருவர் வரவேற்பறை ஊழியர் நேரில் கேட்டார் என்று ஒரு கட்டத்தைச் சேர்த்திருப்பார். முதலாமவரைப் போல, யாரும் கேட்காமல் முலாம் பூசும் பழக்கத்துக்கு கோல்ட் ப்ளேட்டிங் என்று பெயர். அதையும் டெஸ்டிங் செய்ய வேண்டும், உடைந்தால் திருத்த வேண்டும், கையேட்டில் எழுத வேண்டும். அணியில் எல்லோருக்கும் ஒரே பதிலைப் பழக்குங்கள்: “குறித்துக்கொள்கிறேன், பட்டியலில் சேர்க்கச் சொல்கிறேன்.”

மூன்று பேரைக் கூட்டும் யோசனைக்கு இப்போது சம்மதிக்க வேண்டாம். தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைச் சேர்த்தால் மேலும் தாமதமாகும் என்று கணினி அறிஞர் ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். காரணம் எளியது. ஏழு பேருக்குள் பேசிக்கொள்ளும் இணைப்புகள் 21; பத்துப் பேரானால் 45. புதியவர்களுக்குச் சொல்லித்தரப் போவதும் இன்றைக்கு வேலையை இழுத்துக்கொண்டிருக்கும் அதே ஏழு பேர்தான். எல்லையே தெரியாத வேலையில் பத்துப் பேர் இருந்தால் பத்து வாசல் வழியாக மாற்றம் உள்ளே வரும்.

இது மென்பொருளோடு நிற்கும் நோயுமல்ல. ஆஸ்திரேலியாவின் சிட்னி ஓபரா ஹவுஸ் என்ற கலையரங்கத்தை, வடிவமைப்பு முடியும் முன்பே 1959-ல் கட்ட ஆரம்பித்தார்கள். கூரையின் எடை தெரிந்தபோது, அதைத் தாங்க எழுப்பிய தூண்கள் போதாமல் மறுபடி கட்ட வேண்டியிருந்தது. பாதியில் பெரிய அரங்கின் பயன்பாட்டையே மாற்றியதில், அதற்கென்று பொருத்திய மேடை இயந்திரங்களைக் கழற்றி எடுத்தார்கள். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் 1963-ல் முடிய வேண்டியது 10 கோடியே 20 லட்சத்தில் 1973-ல் முடிந்தது. எல்லை மாற்றம் ஒன்றே முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தாமதமாக வந்த இந்த மாற்றங்கள் ஏற்கெனவே செய்ததை வீணாக்கின. காகிதத்தில் இருக்கும்போது ஒரு கோட்டை அழித்தால் போதும் என்ற நிலை, தூண் எழுந்த பிறகு இல்லை.

மேலாளரிடம் முதலில் பேசுங்கள். அந்த ஒற்றைத் தாளும், இப்போதைய வேகத்தில் எந்தத் தேதியில் முடியும் என்ற கணக்கும் கையில் இருக்கட்டும். ஆள் கேட்காதீர்கள், படிவத்துக்கு ஆதரவு கேளுங்கள். அவரே கிளையன்டுக்கு ஒரு மெயில் போட வேண்டும். உங்கள் பெயரில் போனால் லீட் முரண்டு பிடிக்கிறார் என்றுதான் படும். அடுத்த கூட்டத்துக்குப் பன்னிரண்டு படிவத்தையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ரத்து பட்டன் ஒன்றை மட்டும் நிரப்பி எடுத்துப் போங்கள்: பணம் திருப்புவதோடு 56 மணி, அது இல்லாமல் செய்தால் அதற்கான 16 மணியும் அதைச் சோதிக்கும் 5 மணியும் குறைந்து 35 மணி. எதை வேண்டுமானாலும் டிக் அடிக்கட்டும். அந்தக் கையெழுத்து விழுந்த பிறகு நிலுவையில் உள்ள மற்ற பதினொன்றை மேசையில் வையுங்கள்.