கல்லூரிக் குருவானவருடன் என் மகன் பேசலாமா?

கேள்வி: எங்களுடையது சைவக் குடும்பம். மகன் இவ்வருடம் யாழ்ப்பாணத்திலுள்ள அங்கிலிக்கன் கல்லூரி ஒன்றில் தரம் 6இல் சேர்ந்தான். அம்மப்பா காலமான பிறகு வீட்டில் எவருடனும் அதிகம் பேசாத அவன், இடைவேளைகளில் கல்லூரியின் ‘சாப்ளின்’ குருவானவரிடம் போய் இருப்பதாக வகுப்பாசிரியை சொன்னார். அந்தக் குருவானவருடைய வேலைதான் என்ன? பிள்ளையை மதம் மாற்றிவிடுவாரோ என்று மாமியார் அஞ்சுகிறார். நான் தடுக்க வேண்டுமா?
– ஒரு தாயார், கோண்டாவில்

பதில்: தடுக்க வேண்டாம், அம்மா. ஆனால் உங்கள் மாமியாருடைய அச்சத்தைப் புறக்கணிக்கவும் வேண்டாம். அதற்கு இந்த மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. அங்கிலிக்கன் திருச்சபை எனப்படும் இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷனரிச் சங்கமான சி.எம்.எஸ்.ஐச் சேர்ந்த மிஷனரிமார் 1818இல் இலங்கைக்கு வந்தனர். அவர்களுள் ஒருவரான ஜோசப் நைற் 1823இல் நல்லூரில் தொடங்கிய பள்ளியே இன்றைய பரி. யோவான் கல்லூரியின் மூலம். கல்வியோடு மதத்தையும் பரப்புவதே அப்பள்ளிகளின் வெளிப்படையான நோக்கமாக இருந்தது. அதனாலேயே, மிஷன் பள்ளியில் படித்து அங்கேயே கற்பித்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அந்த நினைவு எங்கள் வீடுகளில் தலைமுறை தாண்டியும் மறையவில்லை.

இன்றைய நிலைமை வேறு. மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் உறுதிசெய்கிறது. உங்கள் மகன் சைவநெறியைத்தான் பாடமாகக் கற்பான். குருவானவர் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குச் சமயம் கற்பிப்பார், காலைக்கூட்டத்தில் ஜெபம் நடத்துவார், சிற்றாலயத்தில் நற்கருணை ஆராதனையை நடத்துவார், திருமுழுக்குப் பெற்றவர்கள் தம் விசுவாசத்தைத் தாமே உறுதிசெய்யும் சடங்கான திடப்படுத்தலுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவார். இவை எல்லோர் கண்ணுக்கும் தெரியும் கடமைகள்.

கண்ணுக்குத் தெரியாத கடமையையே நான் பெரிதாக மதிக்கிறேன். கல்லூரியில் ஒரு பிள்ளை சந்திக்கும் பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அவனுக்குப் புள்ளி இடுபவர்கள், வரவு குறிப்பவர்கள், தவறினால் தண்டிப்பவர்கள். குருவானவர் ஒருவரே, அவருடைய பணி சரியாக வகுக்கப்பட்டிருந்தால், அவனிடம் எதையும் எதிர்பாராமல் அவன் சொல்வதைக் கேட்கக்கூடியவர். முன்னாளில் தலைமையாசிரியர்களாகவும் குருமார் இருந்ததால் பிரம்பும் ஜெபப்புத்தகமும் ஒரே கையில் இருந்தன. அதிபர் வேறு, குருவானவர் வேறு என்று ஆனது பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரும் நன்மை என்பேன். நான் கற்பித்த பாடசாலை ஒன்றில், ஆள் போதாது என்று குருவானவரை ஒழுக்காற்றுக் குழுவிலும் சேர்த்தார்கள். ஒரு தவணை முடிவதற்குள் அவருடைய அறைக்குப் பிள்ளைகள் வருவது நின்றுவிட்டது. அதை எண்ணும்போது இன்றும் எனக்கு மனம் வருந்துகிறது.

வேறொரு குருவானவரையும் நான் கண்டிருக்கிறேன். தகப்பனை இழந்த சைவ மாணவன் ஒருவனுடைய வீட்டுக்கு, இறப்புக்குப் பின் வரும் சடங்கான எட்டுச் செலவன்று வந்த அவர், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத் திண்ணைப் பாயின் ஓரத்தில் அமர்ந்தார். உள்ளே தேவாரம் பாடி முடியும்வரை தலைகுனிந்திருந்தார். வேதப்புத்தகத்தைக் கொண்டுவரவுமில்லை, ஜெபிக்கட்டுமா என்று கேட்கவுமில்லை. புறப்படும்போது, அவன் வராத நாட்களில் நடந்த பாடங்களை நண்பர்கள் எழுதிக்கொடுத்த கொப்பிகளை அவனுடைய கையில் கொடுத்து, “ஆறுதலாக வா, தம்பி” என்று மட்டும் சொன்னார். அந்தப் பையன் அவரிடம் அதன் பின்னர் பல நாள் போய்ப் பேசினான், சைவனாகவே வளர்ந்தான்.

எனவே நீங்கள் ஒருநாள் நேரே சென்று குருவானவரைச் சந்தியுங்கள். வீட்டில் நடந்த இழப்பைச் சொல்லுங்கள். சமயம் பற்றிய உங்கள் விருப்பத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். நல்ல குருவானவர் அதனால் மனம் நோகமாட்டார். மகன் அவரிடம் சொன்னவற்றை மட்டும் துருவிக் கேட்க வேண்டாம், ஏனெனில் அவை வீட்டுக்கு வந்துவிடும் என்று தெரிந்தால் அவன் அங்கேயும் வாய் திறக்கமாட்டான். அதே வேளை, பிள்ளைக்கு யாரேனும் தீங்கு செய்வதாகத் தெரியவந்தால் அதை இரகசியமாக வைத்திருப்பேன் என்று எந்தக் குருவானவரும் வாக்களிக்கக் கூடாது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம் என்பதைப் பெற்றாரும் தெரிந்திருக்க வேண்டும்.

அவருடனான பேச்சு எப்போதும் கதவு திறந்த அறையிலோ மரநிழலிலோ, பிறர் பார்க்கக்கூடிய இடத்தில் நடைபெறுகிறதா என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: ‘சாப்ளின்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? தமிழில் எவ்வாறு சொல்லலாம்?
– பழைய மாணவர், சுண்டுக்குழி

பதில்: நான்காம் நூற்றாண்டில் போர்வீரராக இருந்த மார்ட்டின், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரன் ஒருவனுக்குத் தம் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது மரபு. பின்னர் தூர் நகரின் பேராயரான அவருடைய அங்கியைப் பிராங்கிய மன்னர்கள் போற்றிப் பாதுகாத்தனர். லத்தீனில் அந்தச் சிறிய அங்கிக்குக் ‘கப்பெல்லா’ என்று பெயர். அதைக் காத்த குருமார் ‘கப்பெல்லானி’ எனப்பட்டனர். அதிலிருந்தே ‘சாப்ளின்’ வந்தது. சிற்றாலயத்தைக் குறிக்கும் ‘சாப்பல்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் பிறந்தது. தமிழில் ‘கல்லூரிக் குருவானவர்’ என்று எழுதுவது பொருத்தமாக இருக்கும். பிள்ளைகள் ‘பாதர்’ என்று அழைப்பதை மாற்ற வேண்டியதில்லை.