செஸ் வேரியன்ட் ஆடினா நம்ம நார்மல் செஸ் கெட்டுப் போயிடுமா?

கெடாதுங்க. வேரியன்ட்னா செஸ் விதியைக் கொஞ்சம் மாத்தி ஆடுற ஆட்டம். ஆனா எல்லா வேரியன்டும் ஒரே ரகம் கிடையாது, எதை எப்ப ஆடுறோம்னு இருக்கு.

நான் இலங்கை மலையகத்துல தலவாக்கலை பக்கம் தேயிலைத் தோட்டத்து ஆளு. இங்க பிள்ளைங்களுக்கு கோச்சும் இல்ல, ஓப்பனிங் (ஆட்டத்தோட ஆரம்ப மூவ் வரிசை) படிக்கலாம்னா நல்ல புத்தகமெல்லாம் இங்கிலீசுல. மாகாணப் போட்டிக்குப் போனா எதிர்ல உக்காந்திருக்கிற டவுன் பிள்ளை சிசிலியன்ங்கிற ஓப்பனிங்ல பத்து பன்னெண்டு மூவ் யோசிக்காமலே தட்டிட்டு எழும்பி தண்ணி குடிக்கப் போகும், நம்ம ஆளு அஞ்சாவது மூவ்லயே கிளாக்கைப் பாத்து முழிப்பான். இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு நான் முதல்ல குடுக்கிறது செஸ்960. முன்னாள் உலக சாம்பியன் பொபி பிஷர் 1996ல அறிவிச்சது, பின் வரிசைக் காய்களைக் கலைச்சு வச்சு ஆடணும், அதனால மனப்பாடம் பண்ணது ஒண்ணும் செல்லாது, முதல் மூவ்ல இருந்தே ரெண்டு பேரும் மண்டையைப் பிச்சுக்கணும். 2019ல இதுக்கான பிஷர் ரேண்டம் உலக சாம்பியன்ஷிப் பைனல்ல, அப்போ நார்மல் செஸ் உலக சாம்பியனா இருந்த கார்ல்சனே வெஸ்லி சோகிட்ட அடி வாங்கினாரு.

காய் வைக்க ஆப் எதுவும் தேவையில்ல, லூடோ கட்டை ஒண்ணு போதும். ஒரு பிஷப்பை பின் வரிசையில கருப்புக் கட்டம் நாலுல ஒண்ணுல வைங்க, மத்ததை வெள்ளைக் கட்டம் நாலுல ஒண்ணுல (அஞ்சு ஆறு விழுந்தா திரும்ப உருட்டுங்க). மிச்சம் ஆறு கட்டம், அதுல ராணி. அப்புறம் ரெண்டு குதிரை. கடைசியா மிஞ்சுற மூணு கட்டத்துல நடுவுல ராஜா, ரெண்டு பக்கமும் கோட்டை. குதிரை ரெண்டும் உக்கார பத்து வழி இருக்கு, அப்ப 4×4×6×10, சரியா 960. கருப்பு அதுக்கு நேர் எதிரா அப்படியே வைக்கணும். கேஸ்லிங்ல (ராஜாவையும் கோட்டையையும் ஒரே மூவ்ல நகர்த்துறது) தான் பிள்ளைங்க குழம்புவாங்க: ராஜாவும் கோட்டையும் எங்க இருந்து கிளம்பினாலும் போய் நிக்கிறது நார்மல் செஸ்ல நிக்கிற அதே இடத்துல தான்.

பக்ஹவுஸ் வேற உலகம். ரெண்டு போர்டு, நாலு பேரு, நீங்க வெட்டின காயை பக்கத்துல உக்காந்திருக்கிற பார்ட்னருக்கு குடுக்கணும், அவரு அதை வெறுங்கட்டத்துல இறக்கலாம். போயா (பௌர்ணமி லீவு) அன்னைக்கு எங்க லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) இஸ்தோப்புல, அதாவது முன் திண்ணையில, இது நடந்தா ஒரே கூச்சல், "அக்கா ஒரு குதிரை வெட்டிக் குடுங்கக்கா, மேட் இருக்கு!"ன்னு தம்பி கத்துவான், அக்கா ஒரு குதிரைக்காக ராணியையே தூக்கிக் குடுக்கும். இங்க தான் கவனம். பக்ஹவுஸ், கிரேசிஹவுஸ் (ஒரே போர்டுல ரெண்டு பேரு, வெட்டின காயை நீங்களே இறக்கலாம்) ரெண்டுலயும் காயை வாரி இறைச்சு அட்டாக் பண்ற பழக்கம் வந்துடும், நார்மல் செஸ்ல ஒரு காய் போனா போனது தான். போட்டிக்கு முந்தின வாரம் இதைத் தொட விடாதீங்க.

அட்டாமிக்ல வெட்டினா சுத்தி இருக்கிற காயெல்லாம் (சிப்பாய் தவிர) வெடிக்கும், சும்மா ஜாலிக்கு. ஆன்டிசெஸ்ல வெட்ட வாய்ப்பிருந்தா வெட்டியே ஆகணும், எல்லாக் காயையும் தொலைச்சவன் ஜெயிச்சான், சின்னப் பிள்ளைங்க போர்டு முழுக்கப் பாக்கப் பழக நல்லது. வெள்ளை ராஜா முன்னால இருக்கிற சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ஆரம்பிச்சா கட்டாயம் ஜெயிக்கலாம்னு 2016ல கம்ப்யூட்டர் வச்சு நிரூபிச்சே காட்டிட்டாங்க, ஆனா அந்த லைன் எல்லாம் மனுசனுக்கு ஞாபகம் நிக்காது.

ஆன்லைன்னா லிசெஸ்ங்கிற செஸ் சைட்ல பக்ஹவுஸ் கிடையாது, மத்ததெல்லாம் ப்ரீ. மழை நாள்ல நம்ம பக்கம் சிக்னல் போனா கிளாக் பாட்டுக்கு ஓடிடும், அதனால கரஸ்பாண்டன்ஸ்ங்கிற முறையில ஒரு மூவுக்கு ரெண்டு மூணு நாள் வச்சு ஆடுங்க.