ருபெல்லா ஊசியை எப்போது போட்டுக்கொள்ள வேண்டும்?

கேள்வி: நான் 1998-இல் பிறந்தவள். திருமணமாகி ஆறு மாதங்கள் ஆகின்றன. குழந்தைப் பேற்றுக்கு முன் ருபெல்லா தடுப்பூசி அவசியமா? சிறு வயதிலேயே மணல்வாரி வந்துவிட்டதால் எனக்கு அது தேவையில்லை என்கிறார் அம்மா. வீட்டில் நாத்தனார் மூன்று மாதக் கர்ப்பிணி. நான் ஊசி போட்டுக்கொண்டால் அவருக்குப் பாதிப்பு வருமா?
- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: அம்மாவின் நினைவை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். நாம் மணல்வாரி என்றும் உங்கள் ஊர் மலையாளிகள் அஞ்சாம்பனி என்றும் சொல்வது தட்டம்மை. ருபெல்லா வேறொரு வைரஸால் வருவது. தட்டம்மை வந்து போனது அதற்குக் காப்பாகாது. நீங்கள் பிறந்த காலத்தில் அரசுத் திட்டத்தில் தட்டம்மை ஊசி மட்டுமே இருந்தது. இரண்டுக்கும் சேர்த்துப் போடும் எம்.ஆர். ஊசி முகாம் 2017-இல், தமிழ்நாட்டில் பிப்ரவரியிலும் கேரளத்தில் அக்டோபரிலும் தொடங்கியபோது, 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கே போடப்பட்டது. அப்போது உங்களுக்கு ஏறத்தாழ 19 வயது.

ருபெல்லா தாய்க்கு இலேசான காய்ச்சலாகவும் தடிப்பாகவும் வந்து போய்விடும். பலருக்கு வந்ததே தெரியாது. ஆனால் கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் தொற்றினால் கருச்சிதைவு நேரலாம், அல்லது குழந்தை கண்புரை, இதயக் குறை, காது கேளாமை ஆகியவற்றோடு பிறக்கலாம். 1941-இல் சிட்னியைச் சேர்ந்த கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையோடு தம்மிடம் வந்த குழந்தைகளின் தாய்மார்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா வந்திருந்ததைக் கண்டறிந்து சொன்ன பிறகே இந்தத் தொடர்பு உலகுக்குத் தெரிந்தது. கேளாமையைப் பெற்றோர் பல மாதங்கள் கழித்தே உணர்வதும் உண்டு. வயிற்றில் இருக்கும்போதே நேர்ந்துவிட்ட இந்தச் சேதத்தைப் பின்னர் எந்த மருந்தாலும் இல்லாமல் ஆக்க முடியாது என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்பதை ஐ.ஜி.ஜி. இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். பரிசோதிக்காமல் நேராக எம்.எம்.ஆர். ஊசி (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது) போட்டுக்கொண்டாலும், ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்குக் கெடுதல் இல்லை. வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸைக் கொண்ட ஊசி என்பதால் கர்ப்பமில்லை என்பதை உறுதி செய்துகொண்டே போட வேண்டும். போட்ட பின் ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். இதை உங்கள் கணவரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். தெரியாமல் கர்ப்ப காலத்தில் போட்டுவிட்டாலும் அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிட்டாலோ, அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலோ மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள்.

நாத்தனாரைப் பற்றி அஞ்ச வேண்டாம். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் மற்றவர்கள் இந்த ஊசியைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பது அவருக்கும் ஒரு பாதுகாப்பே. அவர் மட்டும் இப்போது போட்டுக்கொள்ளக் கூடாது. எதிர்ப்புச் சக்தி இல்லையென்று தெரிந்தால், பிரசவத்துக்குப் பின், தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலேயே போட்டுக்கொள்ளலாம்.