காய்ந்தபோது கல்லாக இருக்கும் களிமண் பாறை, நனைந்ததும் ஏன் உதிர்கிறது?

புத்தளம் பக்கத்தில் கிணறு வெட்டியபோது வந்த சாம்பல் நிறக் கல் வெயிலில் கிடந்து இறுகிப்போனது, முதல் மழையிலேயே சேறாகிவிட்டது, காரணம் என்ன, கொழும்பில் கட்டப்போகும் வீட்டுக்கும் இந்த ஆபத்து உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தண்ணீரின் மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள். புத்தளம் மாவட்டத்தின் தப்போவ, ஆண்டிகம பகுதிகளில் ஜுராசிக் கால அடையற் பாறைகள் இருக்கின்றன. உங்கள் கல் அந்த வகை என்றால், நிலத்தடியில் பல கோடி ஆண்டுகள் ஈரத்திலேயே கிடந்தும் உடையாத கல் அது. வெளியே எடுத்து, காயவிட்டு, மறுபடியும் நனைத்ததுதான் வினையாகிவிட்டது.

கொழும்பில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு இதைத்தான் முதலில் காட்டுவேன். ஒரே களிக்கல்லில் இரண்டு துண்டுகள். ஒன்றை ஈரம் போகாமல் பொதிந்து வைப்போம். மற்றதை 105 பாகை செல்சியஸ் சூட்டடுப்பில் உலர்த்துவோம். இரண்டையும் தண்ணீரில் இறக்கினால், ஈரக்கல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். உலர்ந்த கல்லிலிருந்து ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக ஏறத் தொடங்கும். பிறகு படிவு அடுக்குகளின் வழியே மயிரிழை வெடிப்புகள் ஓடும். ஓரங்கள் செதில் செதிலாகக் கழன்று விழும். சற்று நேரத்தில் கண்ணாடிக் குவளையின் அடியில் மிஞ்சுவது ஒரு சிறு சேற்றுக் குவியல்.

அந்தக் குமிழிகளைக் கவனியுங்கள். கல் காயும்போது அதன் நுண்துளைகளில் நீருக்குப் பதிலாகக் காற்று புகுந்துகொள்கிறது. நனைத்ததும், அந்தத் துளைகள் நான்கு பக்கமும் தண்ணீரை வேகமாக உள்ளிழுக்கின்றன. நடுவில் அகப்பட்ட காற்று நசுங்கி, வெளிநோக்கித் தள்ளுகிறது. களிக்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வெற்றிடத்தில் காற்றை அகற்றிவிட்டு நனைத்தால் பல களிக்கற்கள் இவ்வளவு உதிர்வதில்லை என்பது இதற்கு நல்ல சான்று.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. உலர்ந்த கல்லின் வலிமையில் ஒரு பங்கு கடன் வாங்கியது: துளைகளில் மிஞ்சிய சொற்ப நீரின் உறிஞ்சுவிசைதான் களித் துகள்களை இறுக்கிப் பிடித்திருந்தது. நனைந்ததும் அந்தப் பிடி போய்விடுகிறது. உங்கள் கல் வெயிலில் இரும்பாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுவே.

பிறகு களியின் வகை. ஸ்மெக்டைட் என்ற வீங்கும் களி இருந்தால் நிலைமை மோசம். ஏறத்தாழ 1 நானோமீட்டர் தடிமனுள்ள அதன் தகடுகளுக்கு இடையே நீர் புகுந்து அவற்றை விலக்குகிறது. மேற்பரப்பு முதலில் வீங்க, உட்பகுதி வீங்காமல் நிற்க, தோல் உரிகிறது. கயோலினைட் என்ற இன்னொரு களி வகையில் தகடுகள் நெருங்கிப் பிணைந்திருப்பதால் நீர் அவற்றின் இடையே புகுவதில்லை.

களி எவ்வளவு கேடு செய்கிறது என்பதற்கு மணற்பாறையே சாட்சி. பிரிட்டிஷ் மணற்பாறைகளை ஆராய்ந்து 1992-இல் வெளிவந்த ஆய்வில், சிலிக்கா நிறைந்த கல் நனைந்தபோது வலிமையில் 8 சதவீதம்தான் இழந்தது; களி மிகுந்த கல் 78 சதவீதம் இழந்தது. நூற்றுக்கு ஒரு பங்கு ஈரம் ஏறுவதற்குள்ளேயே இழப்பின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. வெள்ளம் வேண்டாம், பாறைக்கு ஈரக்காற்றே போதும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கொழும்பு வீட்டைப் பற்றி இந்த வகையில் பயப்பட வேண்டாம். இங்கே அடியில் இருப்பது நைஸ் போன்ற உருமாறிய பாறை. அதற்கு மேல் சிதைந்த பாறையும் கபொக் என்ற செம்புரைக்கல்லும். கபொக்கிலும் களி உண்டு, ஆனால் அது பெரும்பாலும் கயோலினைட். துகள்களைப் பிடித்திருப்பது இரும்பு ஒட்சைட்டு. வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டதும் இறுகும் கல் அது. சதுப்பு நிரப்பிய காணி என்றால் கவலை வேறு: அடியில் மக்கிய தாவரங்களாலான கரிச்சேறு இருக்கிறதா என்று துளையிட்டுப் பாருங்கள்.

புத்தளம் காணியில் கட்டுவதானால் ஒன்றை விடாப்பிடியாகக் கேளுங்கள். அத்திவாரக் குழியின் கடைசிச் சாண் ஆழத்தை, கொங்கிரீட் போடும் நாளன்றே வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய கையோடு மெல்லிய கொங்கிரீட் படை ஒன்றால் தரையை மூடச் சொல்லுங்கள். சோதனைக்கு அனுப்பும் கல்லையும், எடுத்த இடத்திலேயே பிளாஸ்டிக் தாளில் சுற்றி மெழுகு பூசி அனுப்புங்கள். காய்ந்துபோய் வந்து சேரும் துண்டைச் சோதித்து, உங்கள் நிலத்தைப் பற்றி எங்களால் எதுவும் சொல்ல முடியாது.