பட்ஜெட் சைக்கிளுக்கு வேற டீரெய்லர் மாத்தணும், எதைப் பார்த்து வாங்குறது?

கேள்வி: வணக்கம் அண்ணா. என்கிட்ட இருக்கிறது 21 கியர் சைக்கிள், முன்னாடி 3 பின்னாடி 7. நிறுத்தி வச்சிருந்தப்ப வலது பக்கமா சாஞ்சு விழுந்துடுச்சு, பார்க்க ஒண்ணும் ஆகாத மாதிரிதான் இருந்துச்சு, அடுத்த நாள் மேடு ஏறுறப்ப பின்னாடி பெரிய பல் சக்கரத்துக்கு மாத்தினதும் டீரெய்லர் (செயினை ஒரு பல் சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்கு நகர்த்துற பாகம்) ஸ்போக்குக்குள்ள போய் மாட்டி முறுக்கிக்கிச்சு. பழசுல ஷிமானோ டூர்னின்னு மட்டும் தெரியுது, நம்பர் அழிஞ்சுபோச்சு. ஆன்லைன்ல தேடினா டிஒய் 300, டிஎக்ஸ் 800, ஆல்டஸ், ஏசரா, ஸ்ராம் எக்ஸ் 4ன்னு ஏகப்பட்டது வருது, சிலதுல கொக்கி மாதிரி ஒரு பிளேட் இருக்கு சிலதுல இல்ல, சிலதுல 6/7 ஸ்பீடுன்னு போட்டிருக்கு சிலதுல 9 ஸ்பீடு. எது சேரும்? கொஞ்சம் காசு கூட போட்டு 9 ஸ்பீடு வாங்கினா இன்னும் நல்லா மாறுமா?

பதில்: தம்பி, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஹேங்கரைப் பாருங்க. டீரெய்லர் ஃப்ரேம்ல எந்தத் துண்டுல திருகி நிக்குதோ அதுதான் ஹேங்கர். நீங்க சொல்ற கதையிலேயே காரணம் இருக்கு, சைக்கிள் வலது பக்கம் விழுந்தா டீரெய்லர் மேல அடி விழும், அது ஹேங்கரை உள்பக்கமா சக்கரத்தைப் பார்த்து வளைச்சுடும், ரெண்டு மூணு மில்லிமீட்டர் வளைஞ்சாலே போதும், அதுவரைக்கும் சரியா நின்னுட்டிருந்த எல்லை மாறிப்போய் பெரிய பல்லுக்குப் போறப்ப நேரா ஸ்போக்குல இடிக்கும். ஆக டீரெய்லர் உடைஞ்சது ரெண்டாவது சேதம், முதல் சேதம் ஹேங்கர். அதை அப்படியே விட்டுட்டு புதுசு மாட்டினா, அதுவும் இதே மாதிரி ஸ்போக்குக்குள்ளதான் போகும்.

அலுமினிய ஃப்ரேமா இருந்தா பெரும்பாலும் ஹேங்கர் தனித் துண்டா ஒண்ணு ரெண்டு ஸ்க்ரூல நிக்கும், கழட்டி புதுசு போட்டுடலாம், ஆனா அதுல நூத்துக்கணக்கான வடிவம் இருக்கு, அதனால பழசைக் கழட்டி கையில வச்சுக்கிட்டு ஸ்க்ரூ ஓட்டை எங்க இருக்கு, வெளிக்கோடு எப்படி இருக்குன்னு பக்கத்துல வச்சுப் பார்த்து வாங்குங்க. இரும்பு ஃப்ரேம்ல ஹேங்கர் ஃப்ரேமோடவே சேர்ந்து இருந்தா மெக்கானிக்கிட்ட அதுக்குன்னே ஒரு அளவுகோல் கருவி இருக்கும், சக்கரத்தோட விளிம்பை வச்சு அளந்து நிமிர்த்திக் குடுப்பார். அலுமினியத்தை நிமிர்த்தினா விரிசல் விடலாம், அதுக்கு மாத்துறதுதான் நல்லது.

அடுத்தது அந்தக் கொக்கி. ஃப்ரேம்ல ஹேங்கரே இல்லாத சைக்கிளுக்காக வர்றது அது, பிளேட்டை அச்சு உட்கார்ற பள்ளத்துல வச்சு பின் சக்கர நட்டு போட்டு இறுக்குவாங்க. உங்க பழைய டீரெய்லர் கொக்கியோட அச்சு நட்டுக்கு அடியில இருந்துச்சுன்னா கொக்கி உள்ளதையே வாங்குங்க, ஃப்ரேம்ல மரை போட்ட ஓட்டைக்குள்ள நேரா திருகியிருந்துச்சுன்னா கொக்கி இல்லாதது. டிஒய் 300 ரெண்டு விதமாவும் கிடைக்குது, படத்தைப் பெருசாக்கி ஒரு தடவை பார்த்துட்டு வாங்குங்க, ஏன்னா தலைப்புல இதைப் பல பேர் போடுறதே இல்ல.

இப்ப ஸ்பீடு கணக்கு, ஸ்பீடுன்னா பின்னாடி எத்தனை பல் சக்கரம்ங்கிறது. நிறைய பேர் குழம்புறது இங்கதான். 7 ஸ்பீடா 8 ஸ்பீடாங்கிறதை டீரெய்லர் முடிவு பண்றதில்ல, ஹேண்டில்ல கியர் மாத்துற ஷிஃப்டர்தான் முடிவு பண்ணுது. ஒரு க்ளிக்குக்கு ஷிஃப்டர் எவ்ளோ கேபிள் இழுக்குதுன்னு ஒரு அளவு இருக்கு, இழுத்த கேபிளுக்கு டீரெய்லர் எவ்ளோ நகருதுன்னு இன்னொரு அளவு இருக்கு, இது ரெண்டும் பொருந்தினா போதும். ஷிமானோவோட சாதாரண 6, 7, 8, 9 ஸ்பீடு டீரெய்லர் எல்லாத்துக்கும் இந்த நகர்ற அளவு ஒண்ணுதான், அதனால உங்க 7 ஸ்பீடு ஷிமானோ ஷிஃப்டரோட டிஒய் 300, டிஎக்ஸ் 800, ஆல்டஸ், ஏசரா நாலுமே வேலை செய்யும், பழைய தலைமுறை 9 ஸ்பீடும் செய்யும். ஸ்ராம் வேற கம்பெனி, அவங்க எக்ஸ் 4 ஆகாது, அதோட இழுவைக் கணக்கே வேற, மாட்டினா ரெண்டு கியர் சரியா விழும் மூணாவதுல இருந்து செயின் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல தடுமாறும். ஷிமானோவுலயே 10 ஸ்பீடு மவுண்டன் வகையும் க்யூஸ் வரிசையும் வேற கணக்கு, விட்டுடுங்க. மைக்ரோஷிஃப்ட்னு இன்னொரு கம்பெனி, அதுல அட்வென்ட், அகோலைட் ரெண்டும் தனிக் கணக்கு. ஹேண்டில் பிடியை முறுக்கி மாத்துற ஸ்ராம் எம்ஆர்எக்ஸ் ஷிஃப்டர் இருந்தா பயப்படாதீங்க, ஸ்ராம் பேர் இருந்தாலும் அது ஷிமானோ டீரெய்லருக்காகச் செஞ்சதுதான்.

கடைசியா பல் எண்ணிக்கை. முன்னாடி பெருசுல சின்னதைக் கழிங்க, பின்னாடி பெருசுல சின்னதைக் கழிங்க, ரெண்டையும் கூட்டுங்க. முன்னாடி 42-34-24 இருந்தா 18, பின்னாடி 14-28 இருந்தா 14, மொத்தம் 32. பின்னாடி 14-34 போட்டிருந்தா 20, மொத்தம் 38. டீரெய்லர் எவ்ளோ செயின் தொய்வை இழுத்துப் பிடிக்கும்ங்கிறதுதான் இந்த நம்பர், அதோட அந்த டீரெய்லர் ஏறக்கூடிய பெரிய பல்லையும் தனியா பார்க்கணும். டிஒய் 300, டிஎக்ஸ் 800 ரெண்டும் பெரிய சக்கரம் 34 பல் வரைக்கும், மொத்தம் 43 வரைக்கும் தாங்கும், அதனால 21 கியர் சைக்கிள்ல பெரும்பாலானதுக்குப் போதும். விலை கம்மியா இருக்கேன்னு கூண்டு, அதாவது ரெண்டு சின்னச் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கீழ்ப் பகுதி, குட்டையா இருக்கிற மாடலை எடுத்துடாதீங்க, அதுல சிலது 28 பல்லோட நின்னுடும், உங்களுது 34ன்னா மேடுல உங்களுக்கு வேணுங்கிற அந்தப் பெரிய பல்லே கிடைக்காது.

காசு கூட போடுறதைப் பத்தி என் அபிப்ராயம்: இந்த சைக்கிளுக்கு டிஒய் 300 இல்லேன்னா டிஎக்ஸ் 800, அதுக்கு மேல வேண்டாம். 9 ஸ்பீடு டீரெய்லர் போட்டாலும் பின்னாடி 7 பல் சக்கரம்தான், ஷிஃப்டரும் பழசுதான், மாறுறதுல பெரிய வித்தியாசம் தெரியாது. மிச்சமாகுற காசுல புது கியர் கேபிளும் வெளிக்குழாயும் போடுங்க, பட்ஜெட் சைக்கிள்ல கியர் சரியா விழாததுக்குப் பல தடவை காரணம் துரு புடிச்ச கேபிள்தான், அதை மாத்தினாலே வேற சைக்கிள் ஓட்டுற மாதிரி இருக்கும்.

கேள்வி: செயினும் மாத்தணுமா அண்ணா?

பதில்: ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க, ஒரு பின்னுல இருந்து 24 பின் எண்ணினா புது செயின்ல 12 இன்ச் வரும், அதாவது 304.8 மில்லிமீட்டர். 306க்கு மேல வந்துட்டா மாத்துங்க. டீரெய்லர் முறுக்கினப்ப ஏதாவது ஒரு கண்ணி வளைஞ்சிருக்கான்னு கையில உருட்டியும் பாருங்க, விறைப்பா நின்னா அளவு சரியா இருந்தாலும் மாத்தத்தான் வேணும். 6, 7, 8 ஸ்பீடுக்கு ஒரே செயின்தான். நீளத்துக்கு, டீரெய்லர் வழியா விடாம முன்னாடி பெரிய பல்லையும் பின்னாடி பெரிய பல்லையும் சுத்திப் போட்டு, முட்டுற இடத்துல இருந்து ஒரு இன்ச் கூட விட்டு வெட்டுங்க. குட்டையா வெட்டிட்டா பெருசுக்குப் பெருசு போட்ட அன்னைக்கு டீரெய்லரையே பிச்சு எடுத்துடும்.

கேள்வி: நானே மாட்டிக்கலாமா, இல்ல மெக்கானிக்கிட்ட குடுக்கவா?

பதில்: ஹேங்கர் நேரா இருக்குன்னு உறுதியாச்சுன்னா தாராளமா நீங்களே மாட்டலாம், 5 மில்லிமீட்டர் ஆலன் கீயும் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரும் கேபிள் வெட்ட ஒரு கட்டரும் போதும், செயினைக் கழட்ட மட்டும் செயின் கருவி வேணும். திருகுறப்ப முதல்ல கையால திருகுங்க, மரை கோணலா ஏறிடுச்சுன்னா ஹேங்கர் வீணாப்போயிடும். கேபிள் மாட்டுறதுக்கு முன்னாடியே ஹெச், எல்னு குறிச்ச ரெண்டு ஸ்க்ரூவையும் செட் பண்ணிடுங்க. ஹெச் சின்ன பல் பக்கம், எல் பெரிய பல் பக்கம். டீரெய்லரைக் கையால உள்ள தள்ளிப் பிடிச்சுக்கிட்டு மேல இருக்கிற சின்னச் சக்கரம் பெரிய பல்லுக்கு நேர் கீழ வந்ததும் அதுக்கு மேல நகராத அளவுக்கு எல் ஸ்க்ரூவை இறுக்குங்க. அப்புறம் கேபிளைப் போட்டு, பின் சக்கரத்தைத் தூக்கி வச்சு பெடலைக் கையால சுத்தி, பெரிய பல்லுல இருக்கிறப்ப ஷிஃப்டரை இன்னும் பலமா தள்ளிப் பாருங்க, கூண்டுக்கும் ஸ்போக்குக்கும் நடுவுல இடைவெளி கண்ணுக்குத் தெரியணும். இதைப் பார்க்காம ரோட்டுல எடுத்துட்டுப் போகாதீங்க.