தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது, மீன் ஏன் சாகிறது?

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்காகக் கொளத்தூரில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி வாங்கினோம். அன்றே நான்கு கோல்டு ஃபிஷ், இரண்டு ஷார்க், ஒரு சக்கர் மீன் விட்டோம். பதினோரு நாளில் மூன்று கோல்டு ஃபிஷ் செத்துவிட்டன. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் கொட்டிக் கழுவி, நீல மருந்து ஊற்றி, பெரிய ஃபில்டர் மாட்டச் சொல்கிறார் கடைக்காரர். எந்த ஃபில்டர், எந்த மீன் சரிவரும்?
– பெரம்பூர் வாசகி

பதில்: முதலில், தொட்டியைக் கழுவாதீர்கள். நீல மருந்தையும் ஊற்றாதீர்கள். வெள்ளைப் புள்ளிக்கும் அதுதான், வால் அரிப்புக்கும் அதுதான், காரணம் தெரியாத சாவுக்கும் அதுதான் என்று ஒரே புட்டியை நீட்டுகிறார்கள். உங்கள் மீன்களுக்கு வந்தது நோயாகத் தெரியவில்லை. அவை தம் கழிவிலேயே மூச்சுத் திணறியிருக்கின்றன.

மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அம்மோனியா வெளியேறிக்கொண்டே இருக்கும். அதற்கு நிறம் கிடையாது. ஆகவே தெளிந்த தண்ணீரை நம்பிப் பயனில்லை. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் மீன் நிம்மதியாக இருக்கும். இந்த பாக்டீரியா கல்லிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் ஒட்டி வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே ஏழு மீனை விட்டால் அவை எப்படிப் பிழைக்கும்? இப்போது கொட்டிக் கழுவினால் பதினோரு நாளில் வளர்ந்த கொஞ்சமும் சாக்கடைக்குப் போய், மறுபடி முதல் நாளில் நிற்பீர்கள். நீல மருந்தும் அதே பாக்டீரியாவைத்தான் அடிக்கும். கடைக்காரருக்கு நஷ்டமில்லை, நான்கு நாள் கழித்து மறுபடி மீன் வாங்க வருவீர்கள்.

இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். மீன் பட்டினியால் சாகாது. தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். மெட்ரோ தண்ணீராக இருந்தால் முந்தைய இரவே வாளியில் பிடித்து ஏர் பம்ப் ஓட விடுங்கள், அல்லது குளோரின் நீக்கும் சொட்டு மருந்து சேருங்கள். மீன் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைக் குடிப்பது நிற்கும்வரை இதைத் தொடருங்கள்.

ஃபில்டருக்கு வருகிறேன். கல்லும் மேல் இடைவெளியும் போக உங்கள் தொட்டியில் 50, 55 லிட்டர்தான் நிற்கும். அதற்கு ஏர் பம்பில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். விலை குறைவு என்பதால்தான் கடையில் அதை எடுத்துக் காட்ட மாட்டார்கள். மின்சாரம் போனால் பேட்டரி ஏர் பம்பை அதிலேயே மாட்டிவிடலாம். மேலே பொருத்தும் ஃபில்டரில் வெள்ளைப் பஞ்சு வைத்து, வாரம் ஒருமுறை தூக்கிப்போட்டுப் புதிது வைக்கச் சொல்வார்கள். வேறு ஸ்பாஞ்ச் இல்லாத ஃபில்டர் என்றால், வாராவாரம் பாக்டீரியாவைக் குப்பையில் கொட்டுகிறீர்கள் என்று பொருள். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த அதே தண்ணீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும். பழுப்பாக ஒரு குழம்பு இறங்கும். ஸ்பாஞ்சில் வழவழப்பு கொஞ்சம் மிச்சமிருக்கட்டும். சென்னைக்கு ஹீட்டர் வேண்டாம். விற்க வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பாக்டீரியா வளரும் அந்த நான்கிலிருந்து ஆறு வாரம் புது மீன் விடாமல் காத்திருக்க வேண்டும். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. தெரிந்தவர் வீட்டில், குறைந்தது ஆறு மாதமாக மீன் சாகாமல் ஓடும் தொட்டி இருந்தால், அவருடைய பழைய ஸ்பாஞ்சைக் கேளுங்கள். காய்ந்தால் பாக்டீரியா செத்துவிடும். ஆகையால் அந்தத் தொட்டித் தண்ணீரோடேயே பையில் போட்டு, வெயில் படாமல், நேரே வீட்டுக்கு வந்து மாட்டுங்கள். வழியில் கடைக்குப் போய் ஒருமணி நேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். அவர் தர மனமில்லை என்றால், உங்கள் புதிய ஸ்பாஞ்சை அவர் தொட்டியில் ஒரு மாதம் ஊறவிட்டு வாங்கிக்கொள்ளலாம். கடைத் தொட்டியின் ஸ்பாஞ்ச் மட்டும் வேண்டாம். வாராவாரம் புதுச் சரக்கு வந்து இறங்கும் இடத்தின் நோயெல்லாம் அதில் இருக்கும். ‘உடனடி பாக்டீரியா’ என்று விற்கும் புட்டியை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி மீன். மிஞ்சிய கோல்டு ஃபிஷ்ஷையும் ஷார்க்கையும் சக்கரையும் கடையில் திருப்பிக் கொடுங்கள். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீர் மீன், கழிவும் அதிகம். உங்கள் ஷார்க் சுறாவே அல்ல. பெரும்பாலும் அது பங்கேசியஸ் குஞ்சு. மீன் சந்தையில் ‘பாசா’ என்று துண்டு போட்டு விற்கிறார்களே, அதே மீன். மூன்றடிக்கு மேல் வளரும். சக்கர் மீன் ஒரு அடியைத் தாண்டும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கிறார்கள். அது போடும் கழிவை யார் சுத்தம் செய்வது? பாவம் பார்த்து அதை ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் ஊர் நீர்நிலைகளில் ஏற்கெனவே அது பெருகிக் கிடக்கிறது.

மிக்ஸிக்கு உத்தரவாத அட்டை தரும் ஊரில், இந்த மீன் எவ்வளவு வளரும் என்று சொல்லி விற்பவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். 2017இல் மத்திய அரசு வளர்ப்பு மீன் கடைகளுக்கென்று விதிகள் கொண்டுவந்தது. தொழிலே படுத்துவிடும் என்று எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது. 

உங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர் என்றால் அந்தக் கடினநீர் கப்பி, பிளாட்டி, மோலி மூன்றுக்கும் பிடிக்கும். நியான் டெட்ரா அழகுதான், கடினநீரில் வாடிப்போகும். தொட்டி தயாரானதும் ஆறு ஆண் கப்பியில் தொடங்குங்கள். பெண்ணைச் சேர்த்தால் சில மாதத்தில் தொட்டி கொள்ளாது. இரண்டு வாரம் கழித்து நான்கு ஆண் பிளாட்டி சேர்க்கலாம். அதோடு நிறுத்துங்கள்.

கடையில் பையில் பிடிக்கும் முன் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். ஓடிவந்து தின்னும் மீனை மட்டும் வாங்குங்கள். ஒரு செத்த மீன் மிதந்தாலும் அந்தத் தொட்டியில் எதையும் எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, மீனை வலையில் எடுத்து விடுங்கள். பையிலிருக்கும் கடைத் தண்ணீர் வாஷ்பேசினுக்குப் போகட்டும்.