எந்த மெழுகுவத்தி முதலில் அணையும்?

கேள்வி: என் மகனின் வகுப்பில் கண்ணாடித் தொட்டிக்குள் சின்னது, நடுத்தரம், உயரம் என்று மூன்று மெழுகுவத்தி ஏற்றி வைத்து, ஆப்ப சோடாவில் வினிகர் விட்டு நுரைக்க வைத்து, அதில் வந்த வாயுவை மட்டும் தொட்டிக்குள் சரித்தார்களாம். சின்னது முதலில் அணைந்ததாம். வீட்டில் நாங்கள் அதே மூன்றையும் ஏற்றி ஒரு பெரிய கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்தோம். உயரமானதுதான் முதலில் அணைந்தது! எது சரி?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: இரண்டுமே சரி. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம் என்பதைப் பாதியில் விட்டுவிடுவதால் வரும் குழப்பம் இது. ஒரே வெப்பநிலையில் வைத்துப் பார்த்தால்தான் அது கனம். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம், கார்பன் டை ஆக்சைடு சுமார் 1.8 கிராம். வகுப்பில் வந்தது குளிர்ந்த வாயு, தண்ணீர் மாதிரி அடியில் தேங்கி மேலே ஏறியது, அதனால் குட்டையானது முதலில் மூழ்கியது.

உங்கள் ஜாடிக்குள் நடந்தது வேறு. அங்கே வாயு வந்ததே சுடரிலிருந்து. எந்த வாயுவும் சூடானால் விரியும், லேசாகும். கணக்குப் போட்டால், சுமார் 180 டிகிரி செல்சியஸைத் தாண்டிய கார்பன் டை ஆக்சைடு அறைக் காற்றைவிட லேசு, சுடரை விட்டுக் கிளம்பும் புகையோ அதைவிடச் சூடு. அது நேரே மேலே போய், ஜாடியின் கூரையில் முட்டி, அங்கேயே குவிந்து மேலிருந்து கீழாக நிரம்பும். உயரமாக நிற்பவனுக்குத்தான் முதல் அடி. இன்னொன்று, உள்ளே ஆக்சிஜன் சுத்தமாகத் தீர்ந்ததால் அணைந்தது என்று நினைத்துவிடாதீர்கள், வழக்கமான 21 சதவீதம் சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கினாலே மெழுகுவத்தி தாங்காது.

வகுப்புச் சோதனையை வீட்டில் செய்வதானால் முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். நான் அதை மறந்துபோய், நான்கு டம்ளர் சரித்தும் சுடர் அசையாமல் நிற்க, எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. 50 மில்லி வினிகருக்கு ஒரு டீஸ்பூன் சோடா போதும், ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு கிடைக்கும். நுரை அடங்கியதும் முதலில் காலியான, ஈரமில்லாத வேறொரு டம்ளருக்கு வாயுவை மட்டும் மாற்றி, அதிலிருந்து மெழுகுவத்திமேல் சரியுங்கள், வினிகர் சொட்டித்தான் அணைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. பார்வைக்குக் காலி டம்ளர்தான், ஆனால் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து, திரியை விட்டு எழும்பி, சட்டென்று போய்விடும்.

கேள்வி: பாழுங்கிணற்றில் இறங்குமுன் தாத்தா அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார். அதுவும் இதே விஷயம்தானா?
- ஒரு வாசகர், பல்லடம்

பதில்: அதேதான். காற்றோட்டமில்லாத கிணற்றின் அடியில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும், விளக்கு அணைந்தால் அங்கே ஆள் இறங்கக் கூடாது. ஆனால் அணையாவிட்டால் இறங்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அதுதான் ஆபத்து. அழுகிய கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு, விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே ஆளைக் கொல்லும் அளவுக்கு இருக்கலாம். மீத்தேன் இருந்தால் விளக்கே தீ வைத்துவிடும். தாத்தாவுக்கு வேறு வழி இருக்கவில்லை, உங்களுக்கு 101 என்ற தீயணைப்புத் தொலைபேசி எண் இருக்கிறது. உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தாலும் பின்னாலேயே குதிக்காதீர்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.